பெருமாள்மலையைத் தாண்டிப் போன பாதரசம்

கீழேயிருந்து கொடைக்கானலுக்கு எந்தப் பக்கமாக ஏறினாலும் பெருமாள்மலையைத் தொடாமல் போக முடியாது. வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் சேரும் இடம் அது. பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். சீசனில் பேரிக்காயும் பிளம்ஸும் கூடையில் வைத்து விற்பார்கள், வருஷம் முழுக்க மலைப்பூண்டு கிடைக்கும். டிரைவர் டீ குடிப்பார். வாந்தி எடுத்தவர்கள் வாய் கொப்பளிப்பார்கள். பிறகு வெள்ளி அருவி, அப்புறம் ஊர்.

நான் முதல்முறை அங்கே இறங்கியது கல்லூரிச் சுற்றுலாவில். திண்டுக்கல்காரனுக்குக் கொடைக்கானல் என்றால் பக்கத்து வீடு மாதிரி. ஏரியில் படகு, தூண்பாறை, குணா குகை, ஹோம்மேட் சாக்லெட் எல்லாம் ஆயிற்று. அந்த ஊரில் உலகின் மிகப்பெரிய தெர்மாமீட்டர் ஆலைகளில் ஒன்று பதினேழு, பதினெட்டு வருஷம் ஓடியது என்று எனக்குத் தெரியாது. அது மூடப்பட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது, அதுவும் தெரியாது. 2015இல் ஒரு பெண் ஆங்கிலத்தில் ராப் பாடிய வீடியோ என் போனுக்கு வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்தது. அதைப் பகிர்ந்தவன் பெங்களூரில் இருந்த நண்பன். எங்கள் மலையைப் பற்றி அவன் எனக்குச் சொல்கிறான்.

வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்கியதுதான். அந்தப் பாட்டு, அதற்கு முன்னும் பின்னும் வந்த படங்கள், அவை என்ன செய்தன, எதைச் செய்ய முடியவில்லை என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஆலையின் கதை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. ஆமாம், பாண்ட்ஸ் பவுடர் பாண்ட்ஸ்தான். அந்த ஆலையைப் பிரித்து எடுத்து 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். செயின்ட் மேரீஸ் ரோட்டில், பாம்பார் சோலைக்கு மேலே இருக்கும் மேட்டில், மரங்களுக்கு நடுவே அதை நிறுவினார்கள். பாதரசம் இறக்குமதியாகி வந்தது, தெர்மாமீட்டர் ஏற்றுமதியாகிப் போனது. பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான். அந்த ஊர்க் குழந்தைகளின் காய்ச்சலைப் பார்க்க இந்த ஊர் இளைஞர்கள் குழாயில் ரசம் அடைத்தார்கள். எண்பதுகளின் நடுவில் யூனிலீவர் உலக அளவில் செஸ்பரோ-பாண்ட்ஸை வாங்கியது. பிறகு இங்கேயும் ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது.

பாதரசம் என்றால் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. சின்ன வயதில் தெர்மாமீட்டர் உடைந்தால் அடி விழும் என்ற பயத்தைவிட, தரையில் உருளும் வெள்ளி மணியை விரலால் தொட்டு இரண்டாக்கி மறுபடி ஒன்றாக்கும் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. (தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.) இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் பழனி இருக்கிறது. அங்கே முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது ஐதீகம். ரசத்தைக் கட்டி மணியாக்குவது சித்தர்களின் பெரிய வித்தை என்று பாட்டிமார் சொல்வார்கள். கட்டுவதுதான் வித்தை, கவனியுங்கள். கட்டாத ரசம் ஆபத்து என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. சாதாரண அறை வெப்பத்திலேயே பாதரசம் மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சோடு போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். தண்ணீருக்குள் போனால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும், அது மீனுக்குள் சேரும், மீனைத் தின்பவருக்குள் சேரும். இரும்பு துருப்பிடித்துப் போகிற மாதிரி, இலை மக்கிப் போகிற மாதிரி பாதரசம் இல்லாமல் போகாது. இடம் மாறும், உருவம் மாறும், அவ்வளவுதான்.

2001 மார்ச் 7ஆம் தேதி கொடைக்கானல் முஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடை முன்னால் ஊர்க்காரர்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் கூடினார்கள். ஜன நெருக்கமான இடம் அது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, 7.4 டன் என்பது அவர்கள் சொன்ன கணக்கு, அங்கே சாக்குகளில் கிடந்தது. சில மூட்டைகள் கிழிந்திருந்தன. ஆலையிலிருந்து வந்த சரக்கு. ஆலை உடனே நிறுத்தப்பட்டது, பிறகு திறக்கவே இல்லை. மிச்சம் பாதரசம் இருந்த கண்ணாடிக் கழிவு தங்கள் விதிகளை மீறிப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்கப்பட்டதாக நிறுவனமும் ஒப்புக்கொண்டது. ஆனால் தொழிலாளர்களின் உடல்நலம் ஆலையால் கெட்டது என்பதை அது கடைசிவரை ஏற்கவில்லை. தங்கள் தரப்பு ஆய்வுகள் அப்படி எதையும் காட்டவில்லை என்றது.

ஆய்வு வேறு இடங்களிலும் நடந்தது. அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் ஐதராபாத் ஆய்வகத்துக்காரர்கள் கொடைக்கானலின் பாசியையும் கல்பூவையும் எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். ஆலையிலிருந்து கிளம்பிய பாதரசம் அவற்றில் ஏறியிருந்தது. பிறகு ஏரித்தண்ணீர், வண்டல், மீன் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை 2006இல் ஒரு சர்வதேச இதழில் வந்தது. நாங்கள் படகு விட்ட ஏரிதான்.

2003இல் நடந்ததை எத்தனை பேர் கவனித்தோம் என்று தெரியவில்லை. ஆலை வளாகத்தில் கிடந்த ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, மலையிறங்கி, தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கப்பலேறி, சுத்திகரிப்புக்காக அமெரிக்காவுக்கே திரும்பப் போனது. பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கம். இது எதிர்த்திசையில் போன குப்பை. அந்த லாரிகளும் பெருமாள்மலையைத் தாண்டித்தான் போயிருக்கும், வேறு வழி கிடையாது. அன்றைக்கும் யாரோ பஸ் நிறுத்தத்தில் பேரிக்காய் விற்றுக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆனால் மண்ணில் இறங்கியது இறங்கியதுதான். மனிதர்களும் இருந்தார்கள். முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். மூக்கில் ரத்தம், நடுக்கம், சிறுநீரகக் கோளாறு, இளம் வயதிலேயே சாவு என்று அவர்கள் சொன்னவை மனுக்களாயின. வேலை முடிந்து அதே உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கியவர்கள் அவர்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. வாய்தா, கமிட்டி, அறிக்கை, எதிர் அறிக்கை. நம் ஊரில் ஒரு வழக்கு எப்படி நடக்குமோ அப்படி நடந்தது.

இந்தக் காலத்தில்தான் மதுரையிலிருந்து ஒருவர் கேமராவோடு மேலே போனார். அமுதன் ஆர்.பி. மலம் அள்ளும் பெண்ணைப் பின்தொடர்ந்து ‘பீ’ எடுத்தவர். அணுக்கதிர் பற்றி வரிசையாகப் படங்கள் எடுத்தவர். மதுரையில் ஆவணப்பட விழாவை வருஷா வருஷம் விடாமல் நடத்துபவர். கொடைக்கானல் தொழிலாளர்களைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் ‘மெர்குரி இன் த மிஸ்ட்’, மூடுபனிக்குள் பாதரசம். ராப் பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. அமுதனின் படங்களில் மனிதர்கள் அவசரமில்லாமல் பேசுவார்கள். கேமரா காத்திருக்கும். அத்தகைய படங்களை யார் பார்க்கிறார்கள்? கல்லூரி அரங்கில் நாற்பது பேர், தொழிற்சங்க அலுவலகத்தில் முப்பது பேர், விழாவில் நூறு பேர். கேலியாகச் சொல்லவில்லை. அந்த நாற்பது பேரில் ஒருவனாக நான் இல்லாமல் போனேனே என்பதுதான் என் குறை. மதுரை எனக்கு ஒண்ணரை மணி நேரம்.

2015 ஜூலை கடைசியில் ‘கொடைக்கானல் வோன்ட்’ வந்தது. மூன்று நிமிஷத்துக்குள் அடங்குகிற வீடியோ. பாடியவர் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை பார்த்தவர், போபால் விஷவாயு விவகாரத்தில் டௌ நிறுவனத்தைக் கிண்டல் செய்து ஏற்கெனவே ராப் பாடியவர். இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். பின்னணியில் சென்னையின் வெட்டிவேர் கூட்டமைப்பும், இணையத்தில் மனு இயக்கம் நடத்தும் ஜட்கா அமைப்பும் இருந்தன. மெட்டு சொந்த மெட்டு இல்லை. அமெரிக்காவில் முந்தைய வருஷம் நிக்கி மினாஜ் பாடிப் பெரும் ஹிட்டான ‘அனகோண்டா’வின் மெட்டு. அந்தப் பாட்டே 1992இல் வந்த இன்னொரு ராப்பிலிருந்து துண்டு எடுத்துச் செய்ததுதான். கடன் மேல் கடன்.

இதைச் சிலர் திருட்டு என்றார்கள். எனக்கு அது இந்தப் பாட்டின் மிகப் புத்திசாலித்தனமான முடிவாகத் தெரிகிறது. நம் ஊரில் தேர்தல் பிரச்சார வேனில் எம்.ஜி.ஆர். பாட்டு மெட்டில் வேட்பாளர் பெயரைப் போட்டுப் பாடுவதில்லையா? கேட்பவர் காதில் மெட்டு ஏற்கெனவே குடியிருக்கிறது, செய்தி மட்டும் உள்ளே போனால் போதும். ‘அனகோண்டா’வைக் கேட்ட உலகம் முழுவதும் இந்தப் பாட்டுக்குத் தயாராகக் காத்திருந்தது. சில நாட்களில் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நிக்கி மினாஜே ட்விட்டரில் அதைப் பற்றி எழுதினார். யூனிலீவரின் அன்றைய தலைவர் பால் போல்மன் ட்விட்டரிலேயே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. தீர்வுக்காக நாங்கள் பல வருஷமாக முயல்கிறோம், உணர்ச்சி வேண்டாம், உண்மையைப் பேசுவோம் என்கிற தொனியில். தொழிலாளர்கள் பதினாலு வருஷமாக உண்மைகளைத்தான் கட்டுக் கட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் பாடியது பற்றி எனக்கு நீண்ட நாள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. முஞ்சிக்கல்காரருக்குப் புரியாத பாட்டு எப்படி முஞ்சிக்கல்காரர் பாட்டாகும்? இப்போது கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்தப் பாட்டு முஞ்சிக்கல்காரருக்குச் சொல்ல வந்ததே இல்லை. அவருக்கு என்ன சொல்ல இருக்கிறது, நடந்தது அவருக்குத்தானே. லண்டனில் பங்கு வைத்திருப்பவர், மும்பையில் சோப்பு வாங்குகிறவர், பெங்களூரில் என் நண்பன், இவர்களுக்குப் புரியும் மொழி அது. இன்னொன்று, விளம்பரத்தில் வேலை பார்த்தவருக்கு ஒரு ரகசியம் தெரியும். பெரிய நிறுவனம் அபராதத்துக்குப் பயப்படுவதைவிடத் தன் பெயருக்குப் பயப்படும். சோப்பும் க்ரீமும் விற்கிற நிறுவனத்துக்குப் பெயர்தான் சரக்கு.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அது பதிவானது. பாட்டு வந்து எட்டே மாதம். ‘ராப் பாட்டு வென்றது’ என்று உலகம் முழுக்கச் செய்தி போட்டார்கள்.

எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். பாட்டு வந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை வாய்தாவோ, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டு மட்டும் இருந்து, பத்து வருஷ வழக்கு இல்லாமல் இருந்தால்? உடன்பாட்டில் கையெழுத்து வாங்க 591 பேரின் பட்டியல் வேண்டும். யார் எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார்கள் என்ற கணக்கு வேண்டும். மருத்துவச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்த மனைவிமார் வேண்டும். பஸ் காசு போட்டுச் சென்னைக்குப் போய் வந்தவர்கள் வேண்டும். விறகைப் பதினைந்து வருஷம் அடுக்கியவர்கள் அவர்கள். தீக்குச்சி நல்ல தீக்குச்சி, அதில் சந்தேகமில்லை. செய்தியில் தீக்குச்சியின் படம் மட்டும் வந்தது.

எவ்வளவு தொகை என்பது வெளியே சொல்லப்படவில்லை. உடன்பாட்டின் இயல்பு அது. இவ்வளவு சத்தமாகத் தொடங்கிய விஷயம் சத்தமில்லாத ஒரு எண்ணில் போய் முடிந்தது. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷம் காத்திருந்தவரிடம் போய்க் கொள்கை பேச எனக்கு என்ன யோக்கியதை?

பாதரசத்தைப் பற்றிய கலை என்றால் ஜப்பானின் மினமாட்டா நினைவுக்கு வராமல் இருக்காது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவு மீன் வழியாக மனிதர்களுக்குள் போன ஊர். நொரியாகி சுச்சிமோட்டோ 1971இல் அந்த நோயாளிகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார், அதன்பின் வாழ்நாளெல்லாம் அங்கே திரும்பத் திரும்பப் போய்ப் பல படங்கள் எடுத்தார். அதே வருஷம் அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் மனைவி அய்லீனோடு அங்கே குடியேறி மூன்று வருஷம் தங்கினார். நிறுவனத்து ஆட்களிடம் அடி வாங்கினார். ஒரு தாய், நோயால் முடங்கிய தன் மகளைக் குளியல் தொட்டியில் ஏந்தியிருக்கும் அவருடைய படம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தப் பெண் 1977இல் இறந்துவிட்டாள். படம் மட்டும் புத்தகத்திலும் கண்காட்சியிலும் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மகளை இனி ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1998இல் அய்லீன் ஸ்மித் அந்தப் படத்தை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே கொடுத்தார். உலகப் புகழ்பெற்ற ஒரு புகைப்படம் பெற்றோருக்குத் திரும்பிப் போனது. கலைஞர்கள் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இது. படம் எடுத்ததைவிட இதைச் செய்யக் கூடுதல் மனசு வேண்டும்.

நம் கதைக்கு வருவோம். 2018 ஏப்ரலில் கார்த்திக் சுப்புராஜின் ‘மெர்குரி’ வந்தது. இவரும் மதுரைக்காரர். தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்ததால் தமிழ்நாட்டில் மட்டும் ஒரு வாரம் தாமதம். வசனமே இல்லாத படம், பிரபுதேவா பேயாக வருவார். பாதரச நச்சால் பிறவியிலேயே கேட்கவும் பேசவும் முடியாமல் போன நண்பர்கள், ‘கார்ப்பரேட் எர்த்’ என்று பெயர் வைத்த பாழடைந்த ஆலை, ஒரே இரவு. கொடைக்கானல் விவகாரத்திலிருந்து பிறந்த கதை என்று அப்போதே பேசப்பட்டது.

படம் எனக்குப் பாதிதான் பிடித்தது. பேசாதவர்களை வைத்துப் பேசாப் படம் எடுத்தது நல்ல யோசனை. யார் சொல்லியும் கேட்காத விஷயத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் ஒரு படம். ஆனால் பேய் வந்ததும் பயம் பேயின் மேல் போய்விடுகிறது. நிஜத்தில் அந்தச் சோலைக்குள் போனால் பயப்பட எதுவுமே இருக்காது. மரம் இருக்கும், பாசி இருக்கும், காட்டெருமை நின்றாலும் நிற்கும். பயமுறுத்தும் முகம் எதுவும் இல்லாததுதான் அங்கே பயம். அதைத் திகில் படம் எப்படி எடுக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும், ஆவணப்படத்துக்கும் ராப்புக்கும் போகாத ஆட்கள் இண்டர்வெல்லில் பாப்கார்னோடு பாதரசம் பற்றிப் பேசினார்கள். திண்டுக்கல் தியேட்டரில் என் பின்சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், “நம்ம கொடைக்கானல்ல நடந்ததுப்பா இது” என்றார். 2018இல் கேட்டேன் அதை.

அதே வருஷம் நடுவில் சோஃபியாவும் ரதீந்திரனும் திரும்பவும் மலையேறினார்கள். ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’. இந்த முறை டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்தார்கள். நடுவில் ஒன்று நடந்திருந்தது. 2017 தொடக்கத்தில் கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கழிவுக்கு நடுவே நின்று ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ பாடியிருந்தார். எழுதியது கபேர் வாசுகி, இயக்கியது இதே ரதீந்திரன். ஆனந்தபைரவியில் தொடங்கி ராகமாலிகை, தெருவில் பேசுகிற தமிழ். வசவாகிப்போன ஒரு சொல்லைத் தூக்கி, இது எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய அர்த்தத்தில் திரும்ப உட்கார வைத்த பாட்டு. அமெரிக்க மெட்டில் தொடங்கியவர்கள் இரண்டு வருஷத்தில் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

இரண்டாவது கொடைக்கானல் பாட்டின் விஷயம் மண். ஆலை இருந்த இடத்து மண்ணைச் சுத்தம் செய்ய, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று இங்கே அளவு வைத்தார்கள். நிறுவனத்தின் சொந்த ஊரான இங்கிலாந்தில் இப்படி விடமாட்டார்கள், அங்கே இதைவிட இருபது மடங்கு கறாராகச் சுத்தம் செய்யச் சொல்வார்கள் என்பது பாட்டின் வாதம். இதற்குப் பெயர் சூழல் பாகுபாடு என்று நேராகவே சொன்னார்கள். இந்த அளவு அறிவியல்படி போதுமானது, இன்னும் ஆழமாகத் தோண்டினால் சோலை மரங்கள் போய்விடும், மண் சரியும் என்பது எதிர்த்தரப்பு வாதம். பாம்பார் அந்தச் சரிவிலிருந்துதான் இறங்கிக் கும்பக்கரை அருவியாக விழுகிறது. பெரியகுளத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை குளிக்கிற அருவி.

இந்தப் பாட்டு முதல் பாட்டு அளவுக்குப் பரவவில்லை. எட்டு மாதத்தில் உடன்பாடும் வரவில்லை. அதனால் தோற்ற பாட்டு என்று சொல்லிவிடலாமா? தொழிலாளர் பிரச்சினையில் எதிரே மனிதர்கள் இருந்தார்கள், பணத்தால் ஓரளவு ஈடு செய்யலாம். மண்ணுக்கு யார் கையெழுத்துப் போடுவது? மில்லிகிராம் கணக்கை மெட்டில் போடுவதும் லேசில்லை. ஆனாலும் என் வாக்கு இதற்குத்தான். முதல் பாட்டில் கொடைக்கானல் ஒரு செய்தி. இதில் ஊரின் மண் வருகிறது, நாற்பது வருஷமாகச் சினிமாவில் டூயட்டுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த அதே மண்.

அந்த ஆகஸ்டில் பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்தம் அமலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இந்தியாவும் அந்த ஜூனில்தான் ஏற்பு தந்திருந்தது. பாதரச தெர்மாமீட்டரை 2020க்குள் உற்பத்தியிலிருந்தே விலக்க வேண்டும் என்பது அதிலுள்ள ஷரத்து. இப்போது வீட்டில் இருப்பது பேட்டரி தெர்மாமீட்டர், பீப் என்று கத்தும்.

போன மாதம் திரும்பவும் பெருமாள்மலையில் இறங்கினேன். டீக்கடை அக்காவிடம், கொடைக்கானல் பாட்டு கேட்டிருக்கீங்களா என்றேன்.

“எந்தப் பாட்டு தம்பி, குணா பாட்டா? இப்ப அந்த மலையாளப் படம் வந்ததுக்கப்புறம் அதைத்தான போட்டுக் கொல்றாங்க.”

போனை எடுத்து 2018 வீடியோவைப் போட்டுக் காட்டினேன். டவர் விட்டு விட்டு வந்தது. கிளாஸைக் கழுவிக்கொண்டே பார்த்தார். ராப் வரும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. கிருஷ்ணா பாடும் இடம் வந்ததும் கையைத் துடைத்துவிட்டுப் போனைத் தானே வாங்கிக்கொண்டார்.

“இது செயின்ட் மேரீஸ் ரோட்டுக்கு அந்தாண்டல்ல? எங்க வீட்டுக்காரரோட மாமா அங்கதான் வேலை பாத்தாரு. தெர்மாமீட்டர் கம்பெனி.”

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அக்கா போனைத் திருப்பித் தந்து, “பத்து ரூபா சில்லறையா குடுங்க” என்றார்.